பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குத் துப்பாக்கியோடு காவல் போடலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். வீடு பழைய வண்ணாரப்பேட்டையில். கணவர் குடும்பத்துக்கு இரும்பு வியாபாரம், மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6, இருவரும் வேப்பேரியில் படிக்கிறார்கள். கணக்குத் தகராறில் கூட்டாளி ஒருவர் பிரிந்துபோன பிறகு, தெரியாத எண்ணிலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்திருக்கிறது. "பொண்ணுக்கு எத்தனை மணிக்கு ஸ்கூல் விடும்னு எங்களுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். மாமனார் துப்பாக்கி வைத்த ஆளை உடனே போடச் சொல்கிறார். கணவர், ஏரியாவே சரியில்லை, அண்ணா நகர் பக்கம் குடிபோய்விடலாம் என்கிறார். பாடிகார்டு வைத்தால் போதுமா, பிள்ளைகள் மனசு கெட்டுவிடாதா என்பது உங்கள் கேள்வி. இந்தக் கேள்விக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது: யாரிடமிருந்து காப்பாற்ற வேண்டும்? அது தெரியாமல் போடுகிற காவல் தப்பான வாசலில் போய் நிற்கும்.

நான் காவல்துறையில் முக்கியப் பிரமுகர் பாதுகாப்பில் இருந்தவன். ஓய்வுக்குப் பிறகு தனியார் பாதுகாவலர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், சில தொழில் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்கிறேன். ராயபுரத்துக்காரன். குழந்தை மனநலம் என் துறை இல்லை. அந்தப் பகுதியில் நான் சொல்வதை அனுபவத்தில் பார்த்தது என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அழைப்பு வெறும் மிரட்டலா, பின்னால் திட்டம் இருக்கிறதா என்பதை எழுத்தில் படித்துவிட்டு யாராலும் சொல்ல முடியாது. அதை விசாரித்துத்தான் சொல்ல முடியும், விசாரிக்கிற அதிகாரம் போலீஸுக்குத்தான் உண்டு.

அதனால் முதல் வேலை காவல் நிலையம். யாரென்று மறைத்துக்கொண்டு மிரட்டுவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆவது பிரிவில் தனியாகவே சொல்லப்பட்ட குற்றம். அழைப்பு வந்த எண், தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள் எல்லாவற்றையும் மறப்பதற்குள் எழுதி வையுங்கள், அந்த எண்ணை பிளாக் செய்யாதீர்கள். வீடு சென்னை பெருநகரக் காவலில் வருகிறது. மணலி யார்டு 2022 முதல் ஆவடி ஆணையரகத்தில் வருகிறது. "அங்கே போங்க, இங்கே போங்க" என்று யாராவது சொன்னால், எந்த நிலையத்திலும் முதலில் பதிவு செய்யலாம் என்பது இப்போது சட்டத்திலேயே, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவில் இருக்கிறது என்று சொல்லுங்கள். கூட்டாளியின் பெயரைப் புகாரில் குற்றவாளியாக எழுத வேண்டாம். தகராறு நடந்தது என்ற விவரத்தை மட்டும் சொல்லுங்கள். அவர் செய்திருக்கலாம், அவரிடம் வேலை பார்த்தவர் செய்திருக்கலாம், அந்தத் தகராறைக் கேள்விப்பட்ட மூன்றாம் ஆள் செய்திருக்கலாம். ஊகத்தைப் புகாராக எழுதினால் விசாரணையும் அந்த ஒரு திசையிலேயே போய்விடும்.

அடுத்தது, அச்சத்தின் அளவு. பணத்துக்காகக் குழந்தையைக் கடத்துவது நம் நாட்டில் பதிவாகிற கடத்தல் வழக்குகளில் மிகச் சிறிய பங்கு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நடந்த வழக்குகளைப் படித்தால் ஒன்று திரும்பத் திரும்ப வரும். 2010 அக்டோபரில் கோயம்புத்தூரில் ஜவுளி வியாபாரி ஒருவரின் பத்து வயது மகளையும் ஏழு வயது மகனையும் கடத்திக் கொன்ற வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். அவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போனவர், முன்பு அதே பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போன டிரைவர். பிள்ளைகள் அவரை அடையாளம் தெரிந்துதான் ஏறினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு கடலூர் மாவட்டத்தில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன், பள்ளி வேனில் வந்து இறங்கிய இடத்திலிருந்து பைக்கில் கொண்டுபோகப்பட்டான். இரண்டு வழக்கும் உச்ச நீதிமன்றம் வரை போனவை. இரண்டிலும் கைகலப்பு இல்லை, கதவை உடைக்கவில்லை. பிள்ளையின் நேரமும் இடமும் தெரிந்திருந்தது, அதுவே போதுமாக இருந்தது. வடசென்னை என்பதால் ஆபத்து அதிகம் என்று உங்கள் கணவர் நினைப்பதை நான் ஏற்கவில்லை. உங்கள் தெருவில் இஸ்திரி போடுபவருக்கும் பூ விற்கும் அம்மாவுக்கும் உங்கள் பிள்ளைகளை முகம் தெரியும், புது ஆள் இரண்டு நாள் சேர்ந்தாற்போல நின்றால் யாராவது "யாருப்பா நீ?" என்று கேட்பார்கள். யாரையும் யாருக்கும் தெரியாத ஓர் அடுக்குமாடிக்குப் போய் அதை இழக்க வேண்டாம்.

ஆக, பணத்தை முதலில் எங்கே செலவழிப்பது? டிரைவரிடம். பாதுகாப்புத் துறையில் நான் பார்த்த குடும்பங்களில் பாதிக்கும் மேல், காவலுக்கு ஆள் போட்டுவிட்டு டிரைவரை 14 மணி நேரம் ஓட்டவிட்டு, சம்பளத்தையும் இழுத்தடிப்பார்கள். உங்கள் பிள்ளைகளின் நாளை முழுக்கத் தெரிந்தவர் அவர்தான். பள்ளி வாசலில் காத்திருக்கும் நேரத்தில் டிரைவர்கள் டீக்கடையில் கூடிப் பேசுவது இயல்பு. "ஐயா பெங்களூர் போயிருக்காரு, வெள்ளிக்கிழமைதான் வருவாரு" என்று அவர் சாதாரணமாகச் சொல்வது, எங்கேயோ போய் நிற்கும். அவரை மிரட்டி வாயை அடைக்க முடியாது. நல்ல சம்பளம், வாரம் ஒரு நாள் விடுப்பு, மதியச் சாப்பாடு, அவர் பிள்ளையின் படிப்புக்கு ஒரு கை. அப்புறம் உட்காரவைத்து, எதையெல்லாம் வெளியே பேசக் கூடாது, ஏன் பேசக் கூடாது என்று மரியாதையாகச் சொல்லுங்கள். டிரைவர், வீட்டு வேலை செய்பவர், வாட்ச்மேன் ஆகியோரின் முன்வரலாற்றைச் சரிபார்க்கத் தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையிலேயே விண்ணப்பிக்கலாம். அது வழக்கு இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும், குணத்தைச் சொல்லாது. முன்பு வேலை பார்த்த வீட்டுக்கு நீங்களே போன் போட்டுப் பேசுவது அதைவிடப் பயன் தரும்.

வேலையை விட்டுப் போனவர்கள் விஷயம் இன்னும் முக்கியம். உங்கள் யார்டிலிருந்தோ கடையிலிருந்தோ வீட்டிலிருந்தோ போன ஓராண்டில் போனவர்களைப் பட்டியல் போடுங்கள். யாருக்கு பாக்கி இருக்கிறது, யாரை நாலு பேர் முன்னால் திட்டி அனுப்பினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாக்கியைக் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். இதைச் சொன்னால் பல முதலாளிகளுக்குக் கோபம் வரும். ஆனாலும் இதுதான் நான் சொல்கிற யோசனைகளிலேயே செலவு குறைந்தது, பலன் கூடியது. சாவி, கேட் ரிமோட், சிசிடிவி பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள். பள்ளியில் "பிள்ளையை அழைத்துப் போகலாம்" என்ற பட்டியலில் பழைய டிரைவர் பெயரும் போட்டோவும் இன்னும் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

வழி பற்றி. பாதுகாப்புப் பாடங்களில் தினமும் வழியை மாற்று என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பாடத்தை எழுதியவர்கள் வண்ணாரப்பேட்டையிலிருந்து வேப்பேரிக்குக் காலை எட்டு மணிக்குப் போனதில்லை. நம் பகுதியை ரயில் பாதைகள் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருக்கின்றன. எந்தத் தெருவில் கிளம்பினாலும் பேசின் பாலம், ராயபுரம் மேம்பாலம், வியாசர்பாடி சுரங்கப்பாதை என்று இரண்டு மூன்று வாய்களில்தான் போய்ச் சேர வேண்டும். கொருக்குப்பேட்டை கேட்டில் மாட்டினால் நிற்க வேண்டியதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அந்த வாய்களும் குறைந்துவிடும். அதனால் வழியை மாற்றுவதைவிட, கிளம்பும் நேரத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னே பின்னே மாற்றுங்கள். ஒருவர் இறக்கிவிட்டால் இன்னொருவர் அழைத்து வரட்டும். போகும் வழியில் சந்தேகம் வந்தால் எங்கே வண்டியை நிறுத்துவது என்று டிரைவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்: காவல் நிலையம், ஸ்டான்லி மருத்துவமனை வாசல், ஆள் நடமாட்டமும் கேமராவும் உள்ள மெட்ரோ நிலையம். பின்னால் யாரோ வருகிறார்கள் என்று தோன்றினால் வீட்டுக்கு ஓட்டக் கூடாது, இந்த இடங்களில் ஒன்றுக்கு ஓட்ட வேண்டும். ஆபத்து பெரும்பாலும் ஓடுகிற வண்டியில் வருவதில்லை, ஏறுகிற இடத்திலும் இறங்குகிற இடத்திலும் வருகிறது. பிள்ளை கேட்டுக்கு வெளியே நின்று காத்திருக்கக் கூடாது; உள்ளேயே கைமாற வேண்டும். ஏறியவுடன் கதவு லாக், சீட் பெல்ட். நம் சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் உங்கள் பிள்ளைகளுக்கு எந்தக் கடத்தல்காரனையும்விடப் பக்கத்தில் இருக்கிற ஆபத்து. கண்ணாடிக்குக் கறுப்பு பிலிம் ஒட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். உச்ச நீதிமன்றம் 2012இல் அதைத் தடை செய்தது. ஒட்டினால் போலீஸ் நிறுத்தும், நிற்கிற நேரம்தான் உங்களுக்குப் பலவீனமான நேரம்.

இனி துப்பாக்கி. உங்கள் மாமனாரிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லுங்கள். துப்பாக்கி உரிமம் தனி ஆளுக்கு, குறிப்பிட்ட நோக்கத்துக்கு, குறிப்பிட்ட பகுதிக்குக் கொடுக்கப்படுவது. சென்னை நகரில் அதைக் கொடுப்பவர் காவல் ஆணையர். வேறு மாநிலத்தில் தற்காப்புக்காக வாங்கிய உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு இங்கே வந்து "கன்மேன்" வேலை பார்க்கிறவர்கள் நிறையப் பேர். உரிமத்தில் எழுதியிருப்பதைத் தாண்டிப் பயன்படுத்தினால் சட்டச் சிக்கலில் நீங்களும் சேர்ந்து மாட்டுவீர்கள். தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். இதெல்லாம் காகித விஷயம். எனக்கு உண்மையான பயம் வேறு. மின்ட் தெருவிலோ பள்ளி வாசலிலோ நூறு பிள்ளைகள் நிற்கும்போது ஒருவர் சுட்டால் குண்டு யார் மேல் படும்? இரட்டைக் குழல் துப்பாக்கியின் ரவை சிதறிப் பாயும். வீட்டிலோ ஆறு வயதுப் பையன் இருக்கிறான், அந்தப் பொருள் மேல் அவனுக்கு வருகிற ஆசையை யாராலும் தடுக்க முடியாது. பள்ளிகளும் துப்பாக்கியோடு ஆளை உள்ளே விடாது. ஆக, கடைசியில் ஆபத்து அதிகமான அந்த வாசலில் அவர் இருக்கவே மாட்டார்.

துப்பாக்கி இல்லாத பாதுகாவலர் வைப்பதென்றால், போலீஸ் விசாரணை முடியும்வரை சில மாதங்களுக்கு வைக்கலாம், அது நியாயமான முடிவு. ஆனால் ஆளைத் தெரிந்தவர் மூலம் நேரடியாகப் பிடிக்காதீர்கள். 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி நிறுவனத்துக்கு மாநில அரசின் உரிமம் வேண்டும், அது அலுவலகத்தில் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டியிருக்க வேண்டும். நேரில் போய்ப் பாருங்கள். பாதுகாவலருக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் வேண்டும் என்பது மத்திய அரசின் மாதிரி விதி. ராணுவத்திலோ போலீஸிலோ இருந்தவர்களுக்கு மட்டும் குறைவு. "எக்ஸ் மிலிட்டரி" என்று சொன்னால் பணி விடுவிப்புச் சான்றிதழைக் கேளுங்கள். ஒழுங்கீனத்துக்காகப் படையிலிருந்தோ போலீஸிலிருந்தோ நீக்கப்பட்டவரை இந்த வேலைக்கு வைக்கவே கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. போலீஸ் போலத் தெரிகிற சீருடை போட்டுக்கொண்டு வந்தால் அந்த நிறுவனத்தை அப்படியே விட்டுவிடுங்கள், அது தண்டனைக்குரிய குற்றம். பாதுகாவலருக்கு நமக்கெல்லாம் இருக்கிற தற்காப்பு உரிமைதான் உண்டு, போலீஸ் அதிகாரம் எதுவும் கிடையாது. கண் முன்னால் பெரிய குற்றம் செய்கிறவனைப் பிடிக்கலாம், ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைத்தாக வேண்டும். "நாங்க பார்த்துக்குறோம் மேடம்" என்று அந்தக் கூட்டாளியை மிரட்டி வர முன்வருகிற ஆள் உங்கள் வீட்டுக்கு ஆபத்தானவர்.

இங்கே எல்லோரும் தவறவிடுகிற கணக்கு ஒன்று. வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு மனிதர் முறையாக வேலை பார்ப்பது 48 மணி நேரம். 24 மணி நேரமும் ஒருவர் இருக்க வேண்டுமென்றால் விடுப்போடு சேர்த்து நாலைந்து பேர் தேவை, அவர்களின் பி.எஃப்., இ.எஸ்.ஐ., மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. எல்லாம் உங்கள் தலையில். இரண்டு ஆளை வைத்து 24 மணி நேரம் ஓட்டுகிறோம் என்று சொல்கிற நிறுவனம், தூங்குகிற காவலுக்குப் பணம் வாங்குகிறது. உங்களுக்கு 24 மணி நேரம் தேவையில்லை என்பது என் கருத்து. காலையில் பள்ளி, மாலையில் பள்ளி, டியூஷன். இந்த நேரங்களுக்கு நன்றாகப் பயிற்சி பெற்ற ஒருவர் போதும். மகளுக்கு 11 வயது என்பதால் பெண் பாதுகாவலரையே கேளுங்கள். இப்போது சென்னையில் நல்ல பெண்கள் இந்த வேலைக்கு வருகிறார்கள். பள்ளி வாசலில் அவர்கள் யார் கண்ணையும் உறுத்துவதும் இல்லை.

அவருக்கும் எல்லை வேண்டும், முதல் நாளே எழுத்தில் வேண்டும். பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. போட்டோ எடுக்கக் கூடாது. பரிசு, சாக்லேட், "அம்மாகிட்ட சொல்லாதே" என்ற பேச்சு எதுவும் கூடாது. குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் செய்தவர் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவர். புதிதாக ஒரு பெரியவரைப் பிள்ளையின் நாளுக்குள் நீங்களே கொண்டுவந்து விடுகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். உங்கள் பக்கமும் ஒழுங்கு தேவை: அவரைப் பையைத் தூக்கச் சொல்லாதீர்கள், காய்கறி வாங்க அனுப்பாதீர்கள். கை இரண்டும் காலியாக இருக்கும்போதுதான் அவர் பாதுகாவலர்.

மனசு கெடுமா? நான் பார்த்தவரை, காவல் இருப்பதால் மட்டும் பிள்ளைகள் கெடுவதில்லை. காரணம் சொல்லாமல் காவல் போடுகிற வீடுகளில் ஒடுங்கிப் போகிறார்கள். பெரியவர்கள் பாதுகாவலரை "டேய்" என்று கூப்பிடுகிற வீடுகளில் திமிர் கற்றுக்கொள்கிறார்கள். மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள், அவளுக்குத் தாங்குகிற அளவில்: "அப்பாவுக்குத் தொழிலில் ஒரு தகராறு, கொஞ்ச நாள் அக்கா ஒருத்தர் கூட வருவாங்க." மகனுக்கு அக்காவின் பெயர் தெரிந்தால் போதும். விளையாட்டை நிறுத்தாதீர்கள். தூக்கம் கெட்டால், படுக்கையை நனைத்தால், பள்ளிக்குப் போக அடம்பிடித்தால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள், அதற்கு மேல் நான் பேசக் கூடாது.

பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது கொஞ்சம்தான். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல். யார் அழைக்க வந்தாலும், சித்தப்பாவாகவே இருந்தாலும், அந்தச் சொல்லைச் சொல்லாமல் வண்டியில் ஏறக் கூடாது. விளையாட்டாகவே வாரம் ஒரு தடவை சோதித்துப் பாருங்கள், பையன் ஆர்வமாகச் செய்வான். உங்கள் எண் மனப்பாடம். 1098 குழந்தைகள் உதவி எண், 112 அவசர எண். யாராவது கையைப் பிடித்து இழுத்தால் அம்மா என்று கத்துவதைவிட "இவங்க யாருன்னு எனக்குத் தெரியாது" என்று கத்தச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடம்பிடிக்கிற பிள்ளை என்று நினைத்து ஜனங்கள் விலகிப் போவார்கள். உங்களுக்கும் ஒன்று: பள்ளிச் சீருடையோடு எடுத்த படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பதை இன்றே நிறுத்துங்கள், ஊருக்குப் போனால் திரும்பி வந்த பிறகு படம் போடுங்கள். ஜிபிஎஸ் வாட்ச் கட்டலாம், ஆனால் அதன் பாஸ்வேர்டு உங்கள் இருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

"உங்க பையன் எங்ககிட்ட இருக்கான்" என்று அழைப்பு வந்தால், அழுகுரல் கேட்டாலும் பணம் அனுப்பாதீர்கள். குரலைப் போலியாகச் செய்கிற காலம் இது. இன்னொரு போனில் பள்ளிக்குக் கூப்பிட்டுப் பிள்ளை இருக்கிறானா என்று பாருங்கள். உண்மையிலேயே காணவில்லை என்றால் அந்த நிமிடமே 112. 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் அது பொய். காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை உடனே வழக்காகப் பதிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இலேயே உத்தரவிட்டிருக்கிறது. போலீஸிடம் போனால் பிள்ளைக்கு ஆபத்து என்று மிரட்டுவார்கள், மறைத்துப் பேரம் பேசத் தோன்றும். நான் போலீஸில் இருந்தவன் என்பதால் சொல்லவில்லை: பணம் கேட்கிறவனுக்குக் கொடுத்த நேரம் முழுக்க உங்கள் பிள்ளையிடமிருந்து எடுத்த நேரம்.

மூன்று மாதம் கழித்து உட்கார்ந்து பாருங்கள். அழைப்பு நின்றுவிட்டது, போலீஸும் ஆளைக் கண்டுபிடித்துவிட்டது என்றால் பாதுகாவலரை அனுப்பிவிடலாம். டிரைவர் ஒழுங்கு, பள்ளிப் பட்டியல், பிள்ளைகளின் ரகசியச் சொல் வழக்கம், இவை மட்டும் தொடரட்டும். பாதுகாவலரை அனுப்பும்போது சம்பளத்தை முழுதாகக் கொடுத்து, பிள்ளைகளை விட்டு நன்றி சொல்லச் சொல்லி, அன்றைக்கே ரிமோட்டை வாங்கிக்கொண்டு, ரகசியச் சொல்லையும் புதிதாக மாற்றிவிட்டு, பள்ளியில் அவர் பெயரை நீக்கிவிடுங்கள்.